கப்பல் தேர்ந்தெடுத்த வாழைப்பழம்

வாழைக்காய் ஏற்றிய குளிர் கண்டெய்னரின் திரையில் 13 டிகிரிக்குச் சற்று மேலே ஓர் எண் நின்றிருக்கும். ஈக்வடாரின் குவாயாகில் துறைமுகத்தில் ஏறி ஐரோப்பாவில் இறங்கும்வரை அது அசையக் கூடாது. கூடுதலாகக் குளிர்ந்துவிட்டால் தோலுக்கடியில் பழுப்புக் கோடுகள் விழும். அந்தக் காய் பிறகு பழுத்தாலும் நல்ல மஞ்சள் வராது, சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கும். சூடு ஏறினாலோ கடலிலேயே பழுக்க ஆரம்பித்துவிடும். ஒரு சீப்பு பழுத்தால் போதும், அது விடும் எத்திலீன் வாயு பக்கத்துச் சீப்புகளையும் பழுக்க வைத்துவிடும். ஒரு 40 அடிப் பெட்டிக்குள் 18 கிலோ அட்டைப்பெட்டிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கிட்டத்தட்ட 20 டன் காய்.

வெட்டிய பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. கூடவே சூட்டையும் விடுகிறது. அந்தச் சூட்டை விடாமல் வெளியேற்றுவதுதான் கண்டெய்னரின் முக்கிய வேலை. தரை முழுக்க நீளவாக்கில் பள்ளங்கள் ஓடுகின்றன. குளிர்காற்று அவற்றின் வழியே வந்து, அட்டைப்பெட்டிகளின் ஓட்டைகளுக்குள் புகுந்து மேலேறி, கூரையை ஒட்டித் திரும்பிப் போகிறது. பெட்டிகளை அடுக்கும்போது ஓட்டைகள் நேருக்கு நேர் வராவிட்டால் நடுவில் ஓரிடத்தில் சூடு தேங்கிவிடும். அத்தனை இயந்திரமும் அடுக்குகிற தொழிலாளியின் கைநேர்த்தியை நம்பித்தான் ஓடுகிறது.

இன்னும் நுட்பமான பெட்டிகளில் காற்றையே மாற்றிவிடுகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை 3 சதவீதம் அளவுக்குக் குறைத்து, கரியமில வாயுவை 5 சதவீதம் வரை கூட்டுகிறார்கள். மூச்சு மந்தமாகி, காய் தூங்கிவிடுகிறது. இறங்கிய ஊரில் மூடிய அறையில் எத்திலீன் செலுத்தி எழுப்புகிறார்கள். அடுத்த சில நாளில் மொத்த சரக்கும் ஒரே மஞ்சளுக்கு வந்துவிடும். நம் ஊரிலும் இதே முறைக்கு அனுமதி உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறை தடை செய்திருப்பது கார்பைடு கல்லைத்தான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி 'கெமிக்கல் பழம்' என்று பயப்படுகிறவர்கள் நிறைய. வாழை தானே பழுக்கும்போதும் எத்திலீனைத்தான் விடுகிறது.

இத்தனை ஏற்பாடும் ஒரே ரகத்துக்காக: கேவண்டிஷ். லண்டனிலும் துபாயிலும் டோக்கியோவிலும் கடையில் இருப்பது இதன் வகைகள்தான். நம் தள்ளுவண்டியில் தொங்கும் ரொபஸ்டாவும் தேனியில் பயிராகும் ஜி9-ம் இதே குடும்பம். இதற்கு முன்னால் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் சாப்பிட்டது குரோ மிஷேல் என்ற ரகம். தடித்த தோல், தாரோடு கப்பலின் அடித்தட்டில் போட்டாலும் தாங்கும். 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பனாமா வாடல் நோய் மத்திய அமெரிக்கத் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தது. 1960-களில் கம்பெனிகள் வேறு வழியின்றி நோயைத் தாங்கிய கேவண்டிஷுக்கு மாறின. ஆனால் அதன் தோல் மெலிது, சட்டென்று கன்றிப்போகும். அதனால்தான் தோட்டத்திலேயே சீப்பு சீப்பாக வெட்டி, கழுவி, அட்டைப்பெட்டியில் வைக்கும் பழக்கம் வந்தது.

சுவை இந்தக் கணக்கில் வரவே இல்லை. ரஸ்தாளி பழுத்ததும் காம்பை விட்டு உதிரும், தோல் வெடிக்கும். விருப்பாச்சி மலைவாழையும் கன்னியாகுமரி மட்டியும் சிறிய பரப்பில் விளைபவை. பெட்டி பெட்டியாக ஒரே நீளம், ஒரே வளைவு என்று கேட்டால் கிடைக்காது. உலக வாழை விளைச்சலில் ஏறக்குறைய கால் பங்கு இந்தியாவில்தான். உலகச் சந்தையில் நம் பங்கோ மிகச் சிறியது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளூரிலேயே தின்று தீர்ப்பதால்தான் பூவனும் கற்பூரவள்ளியும் மொந்தனும் நம்மிடம் மிச்சம் இருக்கின்றன.

ஒரே ரகத்தை நம்பியதற்கு விலை உண்டு. கேவண்டிஷில் விதை கிடையாது. பக்கக்கன்றிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ வருவதால் கோடிக்கணக்கான மரங்களும் கிட்டத்தட்ட ஒரே மரம். அந்த மரத்தையும் கொல்லும் பனாமா வாடல் நோயின் புதிய வடிவம், டிஆர்4, ஆசியாவிலிருந்து கிளம்பிவிட்டது. 1997-இல் ஆஸ்திரேலியா, 2013-இல் மொசாம்பிக், 2019-இல் கொலம்பியா, 2021-இல் பெரு. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும்கூடக் கண்டிருக்கிறார்கள். கடல் தாண்டும் பழத்தில் இது பரவுவதில்லை. செருப்பில் ஒட்டிய மண், மண்வெட்டி, டிராக்டர் சக்கரம், நோய் வெளியில் தெரியாத கன்று, பாசன நீர் ஆகியவற்றின் வழியாகவே போகிறது. இந்த நோயைத் தரும் பூஞ்சை ஒருமுறை மண்ணில் இறங்கினால் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். எந்தப் பூஞ்சைக்கொல்லிக்கும் அடங்காது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் குழுவினர் காட்டுவாழையின் ஒரு மரபணுவைக் கேவண்டிஷில் சேர்த்து நோயைத் தாங்கும் ரகம் ஒன்றை உருவாக்கினார்கள். 2024-இல் அந்நாட்டு அரசு அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டது. கையில் இருக்கட்டும், இப்போதைக்கு விற்கப்போவதில்லை என்கிறார்கள். மரபணு மாற்றிய பழத்தை ஐரோப்பியக் கடைகள் வாங்குமா என்பது தனிக் கதை. அதுவரை தேனி விவசாயி செய்யக்கூடியது, ஆய்வகத்தில் சோதித்த திசு வளர்ப்பு நாற்றை வாங்குவதும், நோய் கண்ட மாநிலத்திலிருந்து கன்றோ கிழங்கோ கொண்டுவராமல் இருப்பதும்தான். அந்த நாற்றில் நோய் இருக்காது. நடும் மண்ணில் பூஞ்சை இருந்தால் அதை எதிர்க்கும் சக்தியும் இருக்காது.