மூளையில் உயிரணுவை நடலாமா?

கை நடுங்குதல், உடல் விறைத்தல், நடை குறுகுதல் முதலிய குறிகளையுடைய நோயை ஆயுர்வேத நூல்கள் கம்பவாதம் என்று கூறும். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இத்தகைய நோயை விரிவாக எழுதினார். உலகம் இன்று அதனை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்நோய்க்குக் காரணம் யாது? மூளையின் அடிப்பகுதியில் கருநிறமான சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் சுரக்கும் டோப்பமின் என்னும் பொருளே நம் அசைவுகளைச் சீராக்குகிறது. அவ்வணுக்கள் சிறுகச் சிறுக அழிய, அசைவும் கெடுகிறது. டோப்பமினை மருந்தாகக் கொடுத்தால் அது மூளைக்குள் புகாது. அதன் மூலப்பொருளாகிய லெவோடோப்பா புகும். 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்னும் ஆராய்ச்சியாளர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இதுவே. பிற்காலத்தில் இதுவே தலையாய மருந்தாயிற்று. எனினும், ஆண்டுகள் பல சென்றபின் ஒரு வேளை மருந்தின் பயன் நீடிக்கும் நேரம் குறைகிறது.

ஆகவே, அழிந்த அணுக்களுக்கு ஈடாகப் புதியன நடலாமா என அறிஞர் ஆராய்ந்தனர். 1987-இல் சுவீடனின் லுண்ட் நகரில், கருச்சிதைவில் கிடைத்த கருவின் மூளைத் திசு நோயாளரின் மூளையில் வைக்கப்பட்டது. பின்னர் அவ்வாறு சிகிச்சை பெற்றோருள் சிலர் ஆண்டுக்கணக்கில் நலம் பெற்றனர். பெங்களூரில் டாக்டர் வெங்கடரமணா குழுவினர், எழுவருக்கு அவரவர் எலும்பு மஜ்ஜையினின்று வளர்த்த அணுக்களை மூளையில் செலுத்தி, மூவர் நிலை சீர்ப்பட்டதாக 2010-இல் வெளியிட்டனர்.

இவற்றைக் கொண்டு நோய் தீரும் என்று துணியலாமா? ஆகாது. தோட்டப்புறத்தார் இதனை எளிதில் உணர்வர். புதிய ஒட்டுக்கன்றின் பால் வளத்தை அறிய விரும்புவோர் அதனை மட்டும் நட்டுப் பார்ப்பதில்லை. அதே மண்ணில் பழைய இனத்தையும் அருகே நட்டு, இரண்டின் பாலையும் அளப்பர். பெங்களூர் ஆய்வில் அத்தகைய ஒப்பீட்டுக் குழு இல்லை.

அமெரிக்காவில் டாக்டர் கர்ட் ஃபிரீட் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் அது இருந்தது. நாற்பதின்மரில் பாதிப்பேருக்கே திசு வைக்கப்பட்டது. ஏனையோருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் இடப்பட்டது. யார் எதைப் பெற்றார் என்பதை நோயாளர் அறியார். ஓராண்டு கழித்து, நோயாளர் தம் நிலை குறித்துத் தந்த மதிப்பீட்டில் இரு குழுவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. இளையோரின் அசைவு மட்டும் சற்றே சீர்ப்பட்டது. திசு பெற்றோருள் சிலருக்குப் பின்னர் அடங்காத அசைவுகளும் தோன்றின. திசு பெற்றதாக நம்பியவர், உண்மையில் பெறாதிருந்தும், தாம் தேறியதாகக் கூறினர் என்பது 2004-இல் வெளிவந்தது. நம்பிக்கையும் மருந்துபோல் வேலை செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முயற்சி நின்றுவிடவில்லை. கியோட்டோவில் டாக்டர் ஜுன் தகஹாஷி குழுவினர், மூல அணுக்களினின்று ஆக்கிய அணுக்களை எழுவருக்கு நட்டு, 2025-இல் முடிவை வெளியிட்டனர். பெருந்தீங்கு காணப்படவில்லை; ஆராயப்பட்ட அறுவரில் நால்வரின் அசைவு சீர்ப்பட்டது. நற்செய்தியே, ஆயினும் இங்கும் ஒப்பீட்டுக் குழு இல்லை.

ஈப்போவிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும், புரியாத விளம்பரத் தாளுடன் பெற்றோர் முதலில் நாடுவது ஆசிரியரையே. "மூல அணு ஊசி" என்ற தாளைக் கண்டால் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எத்தனை பேருக்குச் செய்தனர்? எவரோடு ஒப்பிட்டனர்? எத்தனை ஆண்டு கவனித்தனர்? விடை இல்லையேல் வீட்டை அடகு வைக்க விடாதீர்கள். உண்ணும் மருந்தை நிறுத்தவும் விடாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.