கையும் கொள்கையும்

உயிரைக் கவராது வாழ்நாளைக் கவரும் நோய்கள் சில உள. நாரி நோவு அவற்றுள் முதன்மையானது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இந்நோவினால் வருந்தினர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வகுப்பறையில் நாள் முழுதும் நிற்கும் ஆசிரியரையும், ஏட்டின்மேற் குனிந்திருக்கும் மாணவரையும், சுமை தூக்கும் தொழிலாளியையும் இது ஒருங்கே வருத்துகின்றது. அவ்வாறிருந்தும், பெரும்பாலானோரிடத்து இந்நோவுக்குக் காரணம் இன்னதென்று எவராலும் திட்டமாகச் சுட்ட முடிவதில்லை. காரணம் தெரியாத நோய்க்குப் பரிகாரம் சொல்வோர் பலராயிருத்தல் இயல்பே. எண்ணெய் தேய்ப்போர், ஊசி குத்துவோர், ஆசனம் பயிற்றுவோர், முள்ளந்தண்டைக் கையால் அழுத்தித் திருத்துவோர் என அவர் பலதிறப்படுவர். நோயாளியோ நோவோடு ஐயத்தையும் சுமந்து வாயிலுக்கு வாயில் அலைகின்றான். இப்பரிகாரங்களை எந்தத் துலாக்கோலில் நிறுப்பது?

இக்கேள்விக்கு விடை காண, முள்ளந்தண்டைத் திருத்தும் கலையாகிய கைரோப்பிராக்டிக்கின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரியும். கிரேக்க மொழியிற் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். இதனைத் தோற்றுவித்தவர் டானியல் டேவிட் பாமர் என்பவர். அவர் மருத்துவக் கல்லூரியிற் பயின்றவரல்லர்; ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டவென்போட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்தவர். 1895ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் நாள், பல்லாண்டுகளாகச் செவிப்புலன் குன்றியிருந்த ஹாவி லிலாட் என்ற தொழிலாளியின் முதுகிற் புடைத்திருந்த ஒரு முள்ளென்பை அவர் அழுத்தினார் என்றும், அதன்பின் அம்மனிதருக்குக் காது கேட்டது என்றும் இக்கலையினர் சொல்லி வருகின்றனர். இரண்டாண்டுகளின் பின், 1897இல், பாமர் ஒரு கல்லூரியை நிறுவினார். நோய்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, இடம் பெயர்ந்த முள்ளென்புகளால் விளைவன என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை இன்றைய அறிவின்முன் நிற்கவில்லை. செவிப்புல நரம்பு மண்டையோட்டினுள்ளே மூளையைச் சேர்வது. முதுகு முள்ளென்புகளுக்கு இடையாற் செல்வதன்று. அழுத்தும்போது எழும் "சடக்" என்ற ஓசையும் என்பு தன்னிடத்திற் போய்ப் பொருந்தும் ஓசையன்று. மூட்டின் பரப்புகள் விலகுகையில், அதனுள்ளே இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி தோன்றுவதால் எழுவது அது. விரலை நெட்டி முறிக்கையிற் கேட்பதும் அதே ஓசைதான்.

கொள்கை பிழையாயின் சிகிச்சையும் பிழையே என்று முடிவுகட்டிவிடலாமா? அமெரிக்க மருத்துவச் சங்கம் அவ்வாறே எண்ணியது. 1963இல் அது போலி வைத்தியத்தை ஒழிக்கவென ஒரு குழுவை அமைத்தது. கைரோப்பிராக்டர்களோடு மருத்துவர் கூடித் தொழில் செய்வது ஒழுக்கக்கேடு என விதித்தது. 1976இல் செஸ்டர் வில்க் என்பவரும் வேறு சிலரும் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1987இல் நீதிபதி சூசன் கெற்சென்டானர், அச்சங்கம் சட்டத்துக்கு மாறாகத் தொழிற் போட்டியைத் தடுத்தது எனத் தீர்ப்பளித்தார். ஆனால் இச்சிகிச்சை பயன் தருவது என்று அத்தீர்ப்பு உரைக்கவில்லை.

இங்கிலாந்தில் வழக்கு எதிர்த்திசையிற் சென்றது. குழந்தைகளின் வயிற்று வலி, ஆஸ்துமா முதலியவற்றைக் கைரோப்பிராக்டிக் குணமாக்கும் என்ற கூற்றுக்கு ஆதாரமில்லை எனச் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் 2008இற் பத்திரிகையில் எழுதினார். பிரித்தானிய கைரோப்பிராக்டிக் சங்கம் அவர்மீது மானநட்ட வழக்குத் தொடுத்து, 2010இல் அதனைக் கைவிட்டது. அறிவியல் விவாதத்தை வழக்கினால் அடக்கலாகாது என்ற எண்ணம் அங்கு வலுப்பெற்றது. 2013இல் அந்நாட்டு மானநட்டச் சட்டமே திருத்தப்பட்டது.

நீதிமன்றத்தில் வெல்வது வேறு. நோயாளியின் முதுகில் வெல்வது வேறு. இரண்டாவதனை அறிய வழி ஒன்றே: நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து, வெவ்வேறு சிகிச்சையளித்து, விளைவை ஒப்பிடுவது. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 321 பேர் பங்குகொண்டனர். சிலர் கைரோப்பிராக்டரிடமும், சிலர் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமும் அனுப்பப்பட்டனர். ஏனையோர்க்கு ஒரு சிறு கைந்நூல் மட்டுமே கொடுக்கப்பட்டது. முதலிரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு நலம் பெற்றனர். கைந்நூல் பெற்றவரைவிட அவர்கள் அடைந்த நன்மை மிகச் சிறிதே. செலவோ ஏறக்குறைய மூன்று மடங்கு. 2004இல் 1,334 நோயாளரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்த ஆய்வும், கையாற் செய்யும் சிகிச்சை சிறிதளவு நன்மை தரும் என்றே காட்டியது. ஆகவே பாமரின் கொள்கை வீழ்ந்தது. அவர் கை சற்றே நின்றது.

ஏனைய பரிகாரங்களையும் இத்துலாக்கோலிலேயே இடுவோம். ஜெர்மனியில் 2007இல் வெளியான ஆய்வொன்றில் 1,162 பேர் சேர்ந்தனர். சீன முறைப்படி ஊசி குத்தப்பட்டோருள் நூற்றுக்கு 47.6 பேர் ஆறு மாதத்தின் பின் தேறினர். உரிய இடங்களை விட்டு வேறிடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோருள் 44.2 பேர் தேறினர். வழக்கமான மருத்துவம் பெற்றோருள் 27.4 பேரே தேறினர். இடமறிந்து குத்தியதும் இடமறியாது குத்தியதும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிந்தமை சிந்திக்கத்தக்கது. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வும் நம்பிக்கையும் நோவைத் தணிக்க வல்லன போலும். நமக்கு அணுக்கமான யோகாசனத்தின் நிலையும் இத்தகையதே. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஆசனம் பயின்றோர் நூலை மட்டும் படித்தோரினும் நலமுற்றனர். ஆயினும் சாதாரணமாகத் தசைகளை நீட்டிப் பயிற்சி செய்தோரினும் மேம்படவில்லை.

துலாக்கோல் நேர்மையானதாயின் ஆங்கில மருத்துவத்தையும் அதில் நிறுத்தல் வேண்டும். நாரி நோவுக்குப் படுக்கையே மருந்து எனப் பல்லாண்டுகள் மருத்துவர் விதித்துவந்தனர். 1995இற் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடத்து ஆராய்ந்தபோது, படுத்திருந்தோரை விட, இயன்றவரை அன்றாட வேலைகளைச் செய்தோரே விரைந்து தேறினர். 1994இல் முதுகு நோவே இல்லாத 98 பேரின் முள்ளந்தண்டைக் காந்தக் கருவியாற் படமெடுத்தபோது, அவருட் பாதிப்பேரிடத்து இடைத்தட்டு வீங்கியிருக்கக் கண்டனர். படத்திற் காண்பதெல்லாம் நோவுக்குக் காரணமன்று என்பது இதனாற் பெறப்படும். அபின் வகை மருந்துகள் புதிதாகத் தோன்றிய முதுகு நோவுக்குப் போலி மாத்திரையினும் மேலல்ல என 2023இல் அவுஸ்திரேலிய ஆய்வு காட்டிற்று. பட்டம் பெற்றவர் சொன்னதென்பதாலோ, பாட்டன் காலந்தொட்டு வருவதென்பதாலோ ஒரு சிகிச்சை மெய்யாகிவிடாது.

2023 டிசெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டி, நோயாளிக்கு நோவைப்பற்றி விளக்குதல், உடற்பயிற்சி, உளச் சிகிச்சை ஆகியவற்றோடு, முள்ளந்தண்டுச் சிகிச்சைக்கும் உருவிவிடுதலுக்கும் இடமளிக்கின்றது. இடுப்புப் பட்டி, இழுவைச் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகக் கொள்ளவேண்டாம் என்கின்றது. கையை ஏற்று, கொள்கையை விடுத்த தீர்ப்பு இது.

எனினும் சில வேளைகளில் எந்தக் கையையும் நாடாது முதலில் வைத்தியசாலைக்கே விரைதல் வேண்டும். கால்கள் வலுவிழத்தல், மலசலம் கட்டுப்படாமை, தொடையிடுக்கில் உணர்ச்சி குன்றுதல், காய்ச்சல், காரணமின்றி மெலிதல், முன்னர் புற்றுநோய் கண்டிருத்தல், விழுந்து அடிபட்டிருத்தல் என்பன அபாயக் குறிகள். இவற்றுட் சிலவற்றில் ஒரு நாள் தாமதமும் நிலையான ஊனத்தைத் தரக்கூடும். கழுத்தைச் சடுதியாகத் திருப்பும் சிகிச்சையின் பின், அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் நாடி கிழிந்த சம்பவங்கள் பதிவாகியிருப்பதையும் மறத்தலாகாது.

இக்குறிகள் இல்லாதவர், எவரிடஞ் சென்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்டல் நன்று: இச்சிகிச்சை என் நாரி நோவை மட்டுந் தணிக்குமா, எல்லா நோயையும் தீர்க்குமெனச் சொல்கிறீரா? எத்தனை முறை வரவேண்டும், எப்போது நிறுத்தலாம்? நானே வீட்டிற் செய்யத்தக்கது யாது? எல்லா நோயையும் தீர்ப்பேன் என்பவரையும், முடிவில்லாது வரச் சொல்பவரையும் விட்டு விலகலாம். மூன்றாவது கேள்விக்குப் பொறுமையோடு விடை சொல்பவர் எம்முறையைச் சார்ந்தவராயினும், அவரிடத்துச் சில நாள் முதுகை ஒப்புவிக்கலாம். அவர் சொன்ன பயிற்சியை நாள்தோறும் செய்வது நம் பொறுப்பு.