பழைய லாரியின் பெட்ரோல் பம்பு

தொட்டியிலுள்ள பெட்ரோல் எஞ்சினுக்கு எவ்வாறு வந்து சேர்கின்றது? ஃபோர்டு ‘மாடல் டி’ கார் 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருக்கையின் அடியிலிருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு வழிந்தது. தொட்டியில் பெட்ரோல் குறைந்த நிலையில் செங்குத்தான மேட்டில் ஏறினால், கார்புரேட்டர் தொட்டியினும் உயர்ந்துவிடும், எஞ்சின் நின்றுவிடும். ஆகையால் ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேற்றினர்!

எஞ்சினே இயக்கும் பம்பு வந்தபின் இத்தொல்லை ஒழிந்தது. 1947 முதல் 1955 வரை வெளிவந்த செவ்ரலே லாரிகளில் இதனைக் காணலாம். ஆறு சிலிண்டர் எஞ்சினின் பக்கத்தில் இரண்டு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட சிறு கருவி அது. கொல்லன் துருத்தியைக் கண்டவர்க்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும். துருத்தியின் தோலுக்குப் பதிலாக, ரப்பர் பூசிய துணியாலான டயாப்ரம் என்னும் சவ்வு இதில் உண்டு. அதன்கீழ் ஒரு ஸ்பிரிங். மேலே, உள்ளே விடும் வால்வொன்றும் வெளியே விடும் வால்வொன்றும் உள்ளன.

எஞ்சினின் கேம் சுழலும்போது ஒரு நெம்புகோலை அசைக்கின்றது. அது சவ்வைக் கீழே இழுக்கின்றது. மேலறையில் அழுத்தம் குறைகின்றது. பம்பு பெட்ரோலை உறிஞ்சுகின்றது என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் தொட்டியின் மேலுள்ள காற்றழுத்தமே பெட்ரோலைத் தள்ளி அனுப்புகின்றது. வகுப்பில் காற்றழுத்தத்தை விளக்குவதற்கு, பிரித்த பழைய பம்பொன்றையே நான் மேசைமீது வைப்பேன்.

இனி, பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளுவது எது? கேம் என்று பலரும் விடையிறுப்பர். அன்று, ஸ்பிரிங்கே தள்ளுகின்றது. கார்புரேட்டரின் கிண்ணம் நிரம்பி ஊசி வால்வு மூடிக்கொண்டால், பெட்ரோல் செல்ல வழியில்லை. சவ்வு கீழேயே நிற்கும். நெம்புகோல் வெறுமனே ஆடும். ஆதலால் எஞ்சின் எத்துணை விரைந்தாலும் அழுத்தம் ஸ்பிரிங்கின் வலிமையைக் கடவாது. செவ்ரலேயில் அது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 4½ பவுண்டு. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி ‘வலுவாக்குவோர்’ இதனை அறியாதவர். மிகுந்த அழுத்தம் ஊசி வால்வைத் திறந்துவிடும். கார்புரேட்டர் வழிந்து, சூடான எஞ்சின்மீது பெட்ரோல் சொட்டும்.

சவ்வு கிழிவதோ இன்னும் கொடிது. பெட்ரோல் எஞ்சினின் உள்ளே இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். அக்காலச் செவ்ரலே எஞ்சின்கள் பலவற்றில் பேரிங்குகள் மென்மையான வெள்ளீயக் கலப்பு உலோகத்தாலானவை. எண்ணெய்ப் படலம் மெலிந்தால் அவை விரைவில் தேய்ந்து போகும். இதனை முன்னறிவிக்கப் பம்பின் உடலில், சவ்வுக்குக் கீழே, சிறு துளையொன்று வைத்துள்ளனர். அதில் பெட்ரோல் கசிந்தால் சவ்வு கிழிந்தது. எண்ணெய் கசிந்தால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்தது. கசிவு தொல்லை தருகிறதென்று அத்துளையை அடைப்பார் உளர். காவலாளியின் வாயைக் கட்டும் செயல் அது.

இன்று சவ்வுக்குப் புதிய பகையொன்றும் தோன்றியுள்ளது. 2025-இல் இந்தியப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. பழைய ரப்பர் பலவற்றை அது ஊறச்செய்து கெடுக்கும். எனவே எத்தனாலைத் தாங்கும் சவ்வையே கேட்டு வாங்க வேண்டும்.

பழுது பார்க்கும் முறை கடினமன்று. பேட்டரி இணைப்பை நீக்குக. எஞ்சின் ஆறியிருத்தல் வேண்டும். அருகில் தீ கூடாது. 1949 முதல் செவ்ரலே பிக்கப் வண்டிகளில் தொட்டி இருக்கையின் பின்னே உள்ளது. குழாயைக் கழற்றியவுடன் பெட்ரோல் தானாக வழியக்கூடுமாதலால், அதனை அடைக்க ஒரு தக்கையை முன்னரே ஆயத்தமாக வைத்துக்கொள்க. பம்பைப் பிரிக்குமுன் மேல்மூடியிலும் உடலிலும் அரத்தால் ஒரே கோடாகக் கீறிவிடுக; திரும்பப் பொருத்துகையில் மூடி இடம் மாறாது. இரு வால்வுகளும் ஒரே உருவின. திசை மட்டுமே எதிரானது. மாற்றிவைத்தால் பம்பு ஒரு துளியும் தராது.

இனி வருவதே நுட்பம். மூடியின் திருகுகளை முதலில் தளர்வாகவே பூட்டுக. நெம்புகோலை முழுதும் அழுத்திச் சவ்வைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னரே எதிரெதிர்த் திருகுகளாகச் சிறிது சிறிதாக இறுக்குக. சவ்வு மேலெழுந்த நிலையில் இறுக்கினால், ஒவ்வோர் அசைவிலும் அதன் விளிம்பு இழுபடும். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுழன்றால் நெம்புகோல் 1000 முறை அசைகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். அச்சவ்வு நெடுநாள் தாங்குமா?

பம்பை மீண்டும் மாட்டுகையில், நெம்புகோல் கேமின்மீது சரியாகப் படிந்துள்ளதா என்று கையால் அழுத்தி அறிந்த பிறகே போல்ட்டுகளை முறுக்குக. இறுதியில் எண்ணெய் அளக்கும் கோலை உருவி மோந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை வீசினால், பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துப் புதியது ஊற்றும்வரை எஞ்சினை இயக்கலாகாது.