அந்த இரண்டரை மணி நேரம்

கேளம்பாக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்: சுனாமி வந்த அன்று எங்கே இருந்தீர்கள்? யோசிக்காமல் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. யாருடன் பேசிக்கொண்டிருந்தார்கள், அடுப்பில் என்ன இருந்தது என்பது வரைக்கும் வரும்.

இத்தகைய நினைவுகள் எவ்வளவு துல்லியமானவை என்று உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் சோதித்தார். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தி எப்படித் தெரிந்தது என்று மாணவர்களை எழுதச் சொன்னார். சுமார் இரண்டரை ஆண்டு கழித்துக் கேட்டபோது பலர் வேறு கதை சொன்னார்கள், அதுவும் முழு உறுதியோடு.

நம் ஊர்க் கதைகளிலும் விவரங்கள் மாறியிருக்கலாம். மாறாத ஒன்று, வரப்போவது அன்று ஒருவருக்கும் தெரியாது என்பதுதான். சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29. சென்னைக் கரையில் அலை ஏறியபோது மணி சுமார் 9. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேரைக் கொண்டுபோன அந்த அலை, இடைப்பட்ட நேரமெல்லாம் வங்கக்கடலைக் கடந்து வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு சொல்லும் கருவி பசிபிக்கில் அப்போதே இருந்தது. நம் கடலில் ஒன்றுகூட இல்லை. இதை என்னால் இன்றும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அந்தக் கருவியை இன்று நம் கடலில் இறக்கிப் பராமரிப்பவர்கள் நமக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருக்கிறார்கள்.

நடுக்கடலில் சுனாமி கண்ணுக்குத் தெரியாது. அன்று அலை புறப்பட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். அந்தச் சிறு மேடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். படகில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அடியில் தெரியும். காற்றடித்து எழும் அலை மேல்நீரைத்தான் அசைக்கும். சுனாமி கடல்தரை வரைக்கும் மொத்த நீரையும் நகர்த்தும். தரையில் வைத்த அழுத்தமானிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். மேலே நீர் கூடினால் அழுத்தம் கூடும், அதிர்வின் வேகம் மாறும். 4,000 மீட்டர் ஆழத்தில், வளிமண்டல அழுத்தத்தைப்போல 400 மடங்கைத் தாங்கிக்கொண்டு, நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினாலும் கண்டுகொள்ளும். ஓ.எம்.ஆரில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் யாரோ 30 மில்லி கூடுதலாக ஊற்றியதைக் கண்டுபிடிப்பது போன்றது இது.

கடல்மட்டம் ஓதத்தாலும் ஏறி இறங்கும். அதைக் கருவி முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். கணக்குக்கும் அளவுக்கும் சில சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் உடனே செய்தி அனுப்பும். ரேடியோ அலை கடல்நீரைத் தாண்டாது என்பதால் ஒலியாக மேலே உள்ள மிதவைக்கு, மிதவையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஹைதராபாத்துக்கு. அங்கே 2007 அக்டோபர் முதல் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

நில அதிர்வை அளந்தால் போதாதா? போதாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் அதிர்ந்தது. சென்னையில் அலுவலகங்களை விட்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆனால் அன்று நிலத்தட்டு பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நகர்ந்தது. நீரை மேலே தள்ளவில்லை. கடல்மட்டம் பெரிதாக ஏறவில்லை என்று அளவீடுகள் காட்டிய பிறகே எச்சரிக்கையை விலக்கினார்கள். வராது என்று துணிந்து சொல்வதும் இந்தக் கருவிகளின் வேலை. வீண் எச்சரிக்கை பலமுறை வந்தால், உண்மையானது வரும் நாளில் யாரும் எழுந்து ஓடமாட்டார்கள்.

மிதவையின் நிழலில் மீன் கூடும். அதனால் படகுகள் அதில் கயிறு கட்டுகின்றன, சில நேரம் கருவி சேதமாகிறது. ஆழ்கடலுக்குப் போகும் அண்ணன் தம்பிகளே, அதில் படகைக் கட்டாதீர்கள். உங்கள் வீட்டுக்கு முதலில் சேதி சொல்லப்போவது அதுதான்.