காயவைக்காத கழிவிலிருந்து ஹைட்ரஜன்! விவசாயி கவனிக்க வேண்டியது என்ன?

சாணத்தை எரிபொருளாக்க நினைத்தால் முதல் தடை ஈரம்தான். 100 கிலோ பச்சைச் சாணத்தில் சுமார் 80 கிலோ தண்ணீர். அதை அடுப்பு வைத்து ஆவியாக்கினால், சாணத்தில் உள்ள எரிசக்தியில் பாதிக்கும் மேல் அதற்கே போய்விடும். அதனால்தான் வறட்டியை வெயிலில் காயவைக்கிறோம். ஆனால், சாக்கடைக் கசடு, பழக்கூழ் ஆலைக் கழிவு போன்றவற்றை வறட்டி தட்ட முடியாது. அந்த ஈரத்தையே வேலைக்குப் பயன்படுத்துவதுதான் ‘சூப்பர் கிரிட்டிக்கல் நீர் வாயுவாக்கம்’ என்ற தொழில்நுட்பம்.

நீரும் இல்லை, ஆவியும் இல்லை

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பிரஷர் குக்கரில் அழுத்தம் இரண்டு மடங்காவதால் 120 டிகிரி வரை சூடேறும். அழுத்தத்தை 221 பார் அளவுக்கு, அதாவது குக்கரைப் போல நூறு மடங்குக்கு மேல் உயர்த்தி, 374 டிகிரியையும் தாண்டினால் நீர், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடும். சாதாரணத் தண்ணீரில் உப்பு கரையும், எண்ணெய் கரையாது. இந்த நிலையில் தலைகீழ். எண்ணெய் கரையும், உப்பு பிரிந்து படியும்.

600 டிகிரிக்கு மேல் சென்றால், கழிவில் உள்ள மாவு, நார், கொழுப்பு எல்லாம் சில நிமிடங்களில் உடைந்து ஹைட்ரஜன், மீத்தேன், கரியமில வாயுவாக மாறும். தண்ணீரும் இதில் பங்கெடுக்கிறது. சர்க்கரை முழுமையாக மாறினால், கிடைக்கும் ஹைட்ரஜனில் பாதி தண்ணீரிலிருந்து வந்ததாக இருக்கும்.

ஜெர்மனியின் சோதனை ஆலை

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே ஆராய்ச்சி மையத்தில் 2003-ம் ஆண்டு ‘வெரீனா’ என்ற சோதனை ஆலை இயங்கத் தொடங்கியது. மணிக்கு 100 கிலோ ஈரக்கழிவு, 700 டிகிரி வெப்பம், 350 பார் அழுத்தம் என்பது அதன் வடிவமைப்பு. வெளியேறும் நீரின் சூட்டை உள்ளே வரும் கழிவுக்குக் கொடுக்கும் வெப்பப் பரிமாற்றிதான் இதன் உயிர்நாடி. அது சரியாக இயங்காவிட்டால், கிடைக்கும் எரிசக்தி சூடேற்றவே செலவாகிவிடும்.

சிக்கல்களும் உண்டு. பிரியும் உப்பு குழாயை அடைக்கும். கரியும் தாரும் படியும். சாதாரண இரும்பு அரித்துவிடும் என்பதால் விலை உயர்ந்த நிக்கல் கலந்த உலோகம் தேவை.

வீட்டுக் கருவி அல்ல

இவ்வளவு அழுத்தத்தில் சிறு கசிவும் உயிருக்கு ஆபத்து. எனவே, இது தொழுவத்தில் வைக்கும் கருவி அல்ல. ‘சாணத்தில் ஹைட்ரஜன் எடுக்கும் இயந்திரம்’ என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். நான்கைந்து மாடு வைத்திருப்பவருக்கு, தினமும் 50 கிலோ சாணம் கேட்கும் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனே இன்றும் ஏற்றது.

உரம் எங்கே போகிறது?

சாண எரிவாயுக் கலனில் எரிவாயு எடுத்த பிறகும், தழை, மணி, சாம்பல் சத்துகள் கரைசலோடு வயலுக்குத் திரும்பும். மட்கும் பொருளும் கிடைக்கும். புதிய முறையில் கரிமப் பொருள் பெரும்பாலும் வாயுவாகிவிடும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் உப்புகளாகப் பிரியும். தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியாவாகக் கழிவுநீரில் தங்கும். அவற்றைத் தனியாக மீட்டால்தான் நிலத்துக்குத் திரும்பும்.

மத்திய அரசின் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. தாவர, விலங்குக் கழிவிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜனுக்கும் அதில் இடம் உண்டு. நாளை கழிவு வாங்க நிறுவனங்கள் வரலாம். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. விலை ஈர எடைக்கா, உலர் எடைக்கா?

2. பிரியும் சத்துகள் உரமாகத் திரும்பி வருமா? கன உலோகம் இருக்கிறதா என்று யார் பரிசோதிப்பார்கள்?

3. நம் நிலத்துக்குத் தேவையான தொழுவுரம் போக எவ்வளவு மிஞ்சும்?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். வயலில் இட முடியாத நகரக் கசடும் ஆலைக் கழிவும்தான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஏற்ற தீனி. தொழுவுரம் முதலில் நிலத்துக்கு. மிஞ்சினால் மட்டும் விற்பனைக்கு.