தளத்தின் கீழே காற்று

இங்கிலாந்து குளிரும் ஈரமும் மிக்க நாடு. விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தில் (1837–1901) அங்கு எழுந்த வீடுகள் பலவற்றின் கீழ்த்தளம் மரத்தால் ஆயது. அது மண்ணின்மேல் நேரே படிவதன்று. குட்டைச் சுவர்களை எழுப்பி, அவற்றின்மேல் மர உத்திரங்களைக் கிடத்தி, உத்திரங்களின்மேல் பலகைகளை ஆணியால் அறைந்தனர். தளத்திற்கும் மண்ணிற்கும் இடையே வெற்றிடம் இருந்தது. புறச்சுவர்களின் அடியில் துளையுள்ள செங்கற்களைப் பதித்தனர். ஒருபுறத் துளைகளில் புகும் காற்று, மண்ணிலிருந்து எழும் ஈரத்தைச் சுமந்துகொண்டு மறுபுறம் வெளியேறும். அதனால் மரம் உலர்ந்தே இருக்கும்.

ஆயினும், பனிக்காலத்தில் அக்காற்றே பலகை இடுக்குகளின் வழியே அறைக்குள் புகுந்து, கால்களைக் குளிரால் நடுங்கச் செய்யும். அது பொறாத சிலர் அத்துளைகளை அடைத்துவிடுகின்றனர். வேறு சிலர் தோட்டத்து மண்ணைச் சுவரோரம் குவித்து, அறியாமலே அவற்றை மூடிவிடுகின்றனர். விளைவு யாது? வெளியேற வழியற்ற ஈரம் மரத்தில் ஏறுகிறது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கடந்து நீடிக்குமாயின், அதனை உளுக்கச் செய்யும் காளான்கள் பற்றிக்கொள்ளும். சுவரில் பதிந்த உத்திர முனைகளே பெரும்பாலும் முதலில் உளுத்துப்போகும். மேலே பலகை பளபளப்பாகத் தோன்றும். கீழே தாங்கும் வலிமை குன்றிவரும்.

இதனைப் பழுது பார்க்கும் தச்சர், ஈரம் வந்த வழியையே முதலில் தேடுவார். அடைபட்ட துளைகளைத் திறப்பார். ஒழுகும் குழாயைச் செப்பனிடச் செய்வார். பின்னர் உளுத்த பகுதியை அறுத்தெடுத்து, மருந்தூட்டிய புதுமரத்தை நல்ல பகுதியோடு சேர்த்து மரையாணியால் இறுக்குவார். காரணத்தை நீக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால், புதுமரமும் பழமரத்தின் கதியையே அடையும் அன்றோ?

குளிரைத் தடுக்கவும் தக்க வழி உண்டு. பலகைகளைப் பெயர்த்து, உத்திரங்களுக்கிடையே வலையைத் தொட்டில்போல் கட்டுவர். அதில் ஆட்டுக் கம்பளியையோ, பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சையோ இடைவெளியின்றி நிரப்புவர். பின்னர்ப் பலகைகளை மீண்டும் பொருத்தி, இடுக்குகளை அடைப்பர். ஆனால், பஞ்சு மண்ணைத் தொடலாகாது. துளைகளை மறைக்கலும் ஆகாது. புதிய வீடுகளில் அக்காப்பிற்குக் கீழே 150 மில்லிமீட்டர் இடைவெளியேனும் இருத்தல் வேண்டும் என்று அந்நாட்டு அரசின் கட்டட வழிகாட்டி கூறுகிறது.

இவ்வாறு செய்தால் தளத்தின் மேலே வெம்மை நிற்கும். கீழே காற்று உலவும். வீட்டார் குளிரின்றி வாழ்வர். நூறாண்டு கடந்த மரமும் பின்வரும் தலைமுறையைத் தாங்கி நிற்கும்.