ஷிப்ட் விடும் நேரமும் ஆடி மேகமும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகிவிடும். ஏற்றுமதிச் சரக்கு அவசரமென்றால் நள்ளிரவையும் தாண்டும். பல்லடம், அவிநாசிப் பக்கத்து நூற்பாலைகள் இரவெல்லாம் ஓடுகின்றன. மெயின் ரோட்டில் இறங்கி லைன் வீடுகளுக்கு நடந்து போகும் பெண்களுக்கு, கடைசியில் இருக்கும் அந்த மண்பாதையில்தான் வெளிச்சம் வேண்டும். மின்கம்பி எட்டாத அந்த இடத்திலும் குழி தோண்டி நட்டுவிடக்கூடியது சோலார் விளக்குக் கம்பம்.

பொழுது சாய்ந்ததும் அது தானாக எரிகிறது. யார் போய் ஸ்விட்ச் போடுகிறார்கள்?

பேனல்தான். 12 வோல்ட் பேட்டரிக்கான வழக்கமான பேனலில் 36 சிலிக்கான் சில்லுகள் இருக்கும். ஒவ்வொன்றும் அரை வோல்ட் அளவுக்குத் தரும். வெயில் பட்டால் சிலிக்கானுக்குள் எலெக்ட்ரான்கள் கிளம்பி மின்சாரமாக ஓடும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1954-ல் காட்டிய சிலிக்கான் சில்லு, விழுந்த ஒளியில் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது; இன்று கடையில் கிடைப்பவை 20 சதவீதத்தை ஒட்டி நிற்கின்றன. அந்தி மங்கியதும் பேனலின் வோல்டேஜ் சரிகிறது. சார்ஜ் கன்ட்ரோலர் அதையே இருட்டின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, பகலெல்லாம் சேர்த்த மின்சாரத்தை எல்.இ.டி.க்குத் திறந்துவிடுகிறது. பகலில் சம்பாதிப்பதும், இருட்டியதைக் கண்டு சொல்வதும் ஒரே பேனல்தான்.

வெயில் கொளுத்தினால் நிறைய மின்சாரம் வரும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் சுமார் 0.4 சதவீதம் குறைகிறது. சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரிக்குக் காய்ந்தால் ஏழில் ஒரு பங்கு போய்விடும்.

ஆனாலும் இந்தப் பகுதியில் விளக்குக்கு உண்மையான சோதனை சித்திரையில் வருவதில்லை, ஆடியில் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வருகிறது, காற்று வருகிறது, மழை மட்டும் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. வெயிலும் குறைவு; பேனலில் படிந்த புழுதியையும் பஞ்சுத் தூசியையும் கழுவிவிட மழையும் இல்லை. அதே காற்று, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அறுவடைக் காலம். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் சுமார் 1.55 கோடி ரூபாயில் வாங்கிய 350 கிலோவாட் காற்றாலையை உடுமலை அருகே மைவாடியில்தான் நிறுவியது. ஊர் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. காற்றாலைக்கு மின்வாரியக் கம்பி இருக்கிறது. தனித்து நிற்கும் விளக்குக் கம்பத்துக்கு அதன் பேட்டரியை விட்டால் வேறு கதியில்லை.

கணக்கு எளிது. 12 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிய 144 வாட்-மணி வேண்டும். 40 வாட் பேனல், நல்ல வெயில் ஐந்து மணி நேரம் கிடைத்தால், 200 வரை சேர்க்கும். மூடாக்கு நாளில் பாதிகூடத் தேறாது. 12.8 வோல்ட், 30 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரியில் அடங்குவது 384. புதிதாக ஒன்றுமே சேராமல் முழு வெளிச்சத்தில் எரித்தால் மூன்றாம் இரவு விடியுமுன் தீர்ந்துவிடும். ஆகவே விளக்கு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது பேட்டரியின் ஏ.எச்.; எல்.இ.டி.யின் வாட் பிறகு. மின்வெட்டு வாட்டிய 2012-ல் வெளியான தமிழகத்தின் சூரிய சக்திக் கொள்கை, ஒரு லட்சம் தெருவிளக்குகளை இலக்காக வைத்தது. எண்ணிக்கை முக்கியம்தான். ஐந்தாம் வருஷம் பேட்டரி மாற்றப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது அதைவிட முக்கியம்.

பேட்டரியை மிச்சப்படுத்தப் பல விளக்குகள் ஐந்தாறு மணி நேரம் முழுதாக எரிந்துவிட்டு, பிறகு பாதி வெளிச்சத்துக்கு இறங்கும். சீக்கிரம் அடங்கிவிடும் ஊருக்கு அது சரி. திருப்பூரிலோ நள்ளிரவு ஷிப்ட் விட்டு ஆட்கள் நடந்து வருகிற நேரத்தில்தான் விளக்கு மங்குகிறது. ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் வைத்த விளக்கு இதற்கு நல்ல மாற்று: ஆளில்லாதபோது மங்கி, காலடி நெருங்கியதும் முழுதாக ஒளிரும். சென்சார் இல்லாவிட்டாலும் பல மாடல்களில் நேரத்தை ஒரு சின்ன ரிமோட்டிலேயே மாற்றிவிடலாம். கம்பம் நட வருபவரிடம் எந்தக் கம்பெனி எத்தனை மணிக்கு விடுகிறது என்று சொல்லிவிட்டால், ஐந்து நிமிட வேலை.